அப்பாவின் கையும் என் பஸ் பாட்டும்

வாய்ப்பாட்டு கற்கிற பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. வாய் பாடும், கை தாளம் போடும். வயலின்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இடது கை தந்தியில், வலது கை வில்லில். சரி, காலையாவது தட்டலாம் என்றால் அதுவும் நடக்காது. நம் வழக்கப்படி சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேல் ஊன்றி வைத்திருப்போம். கால் ஆடினால் வயலினும் ஆடும். ஆகவே படிக்கிற காலத்தில் தாளத்தை வேறு யாராவதுதான் போட்டாக வேண்டும். எனக்கு அதைப் போட்டவர் அப்பா.

அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு டில்லி வந்தவர். கோப்புகளும், டிபன் பாக்ஸும், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியலுமாக இருந்த மனிதர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு எதிரே ஒரு அக்கா வயலின் வாசிப்பாள். அதைக் கேட்டுவிட்டு எனக்கும் வேண்டும் என்று நான் தரையில் புரண்டு அழுததாக அம்மா சொல்வாள். நான் அழுதது எனக்கு நினைவில்லை. ஆனால் என் குணத்துக்கு அப்படித்தான் அழுதிருப்பேன்.

கரோல் பாகில் ஒரு டீச்சர் கிடைத்தார். வாரத்தில் இரண்டு மாலை பஸ் ஏறிப் போக வேண்டும். அப்பா ஆபீஸிலிருந்து நேரே ஸ்டாண்டுக்கு வந்து நிற்பார். கூட்டத்தில் வயலின் பெட்டி நசுங்கிவிடக் கூடாது என்று அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நான் அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன். கண்டக்டர் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்து இது என்ன என்று கேட்டால், “பாஜா ஹை, பையா, பச்சி கா பாஜா” என்று, அதாவது குழந்தையின் வாத்தியம் அண்ணே என்று, அப்பா தன் திருநெல்வேலி ஹிந்தியில் பதில் சொல்வார். பயணம் முழுக்க அந்தக் கை இறங்காது.

டீச்சர் வீட்டில் செருப்பு விடும் இடத்தில் மோடா என்கிற பிரம்பு முக்காலி ஒன்று கிடக்கும். பாடம் முடியும்வரை அப்பா அதில் உட்கார்ந்திருப்பார். உள்ளே டீச்சர் போடுகிற தாளத்தை வெளியே தன் தொடையில் போட்டுப் போட்டு அவரே பழகிக்கொண்டார். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வீசு, மறுபடி தட்டி வீசு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அவர் கை அதைப் போட்டுக்கொண்டே வரும். பக்கத்து சீட்டில் இருக்கும் சர்தார்ஜி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

வீட்டில் காலை சாதகத்துக்கு அப்பா எதிரே உட்காருவார். அவர் கையைப் பார்த்துக்கொண்டுதான் நான் வாசிப்பேன். நான் தப்பினால் அவர் வாயைத் திறக்கவே மாட்டார். தட்டை மட்டும் கொஞ்சம் பெரிதாக, சத்தமாகப் போடுவார். நான் ஓடிப்போய் அந்தக் கையோடு சேர்ந்துகொள்வேன். எங்களுக்குள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது கிடையாது. கை பெரிதானால் நான் தப்பியிருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

வளர்ந்த பிறகும் இது போகவில்லை. காலேஜ் முடித்து, டில்லியில் நடக்கும் நாட்டிய அரங்கேற்றங்களுக்கும் பஜனைகளுக்கும் பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்தேன். பக்கவாத்தியக்காரியின் வேலை பின்னால் போவது. பாடுகிறவர் ஒரு வரி பாடுவார், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நாம் போக வேண்டும். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். “அந்தப் பொண்ணு நிழல் மாதிரி வருவா” என்பார்கள். எந்த சபாவானாலும் சரி, கோவில் மண்டபமானாலும் சரி, அப்பா முன்வரிசையில் என் கண்ணில் படுகிற ஓரமாகப் பார்த்து உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்துவிடுவார். நம் கச்சேரிகளில் முன்வரிசையில் நாலு பேர் தாளம் போடுவது சகஜம்தானே, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அவர் கை தெரிந்தால் எனக்கு மேடைப் பயம் வராது.

பாட்டு எழுதுவது முனிர்காவில் ஆரம்பித்தது. அப்பா ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மயூர் விஹாருக்குக் குடிபோனார். நிகழ்ச்சிகளுக்கு ஓட வசதியாக இருக்கும் என்று நான் முனிர்காவில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அறை என்றால் அறைதான். கட்டிலை விரித்தால் கதவு திறக்காது. ஜன்னலுக்கு வெளியே கைநீட்டினால் எதிர்வீட்டுத் துணி. விடியற்காலையில் எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டார் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே சாதகம் செய்ய முடியாமல் கடுப்பாகி, ஒரு நாள் அந்த மோட்டாரையே திட்டிப் பாடினேன். வயலின் கையில் இருந்தது, வாசித்துக்கொண்டே பாடிவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாம் வயலினைத் தோளுக்கும் பாதத்துக்கும் நடுவில் நிறுத்தி வைக்கிறோம், தாடையால் அழுத்திப் பிடிப்பதில்லை. வாய் சும்மாதான் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைச் சும்மா வைத்திருந்தேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. வீட்டுக்கார ஆன்ட்டி மேல் ஒரு பாட்டு, கேஸ் சிலிண்டர் மேல் ஒரு பாட்டு. தமிழும் ஹிந்தியும் நாங்கள் வீட்டில் கலக்கிறபடியே கலந்து கிடக்கும். பக்கத்து சந்தில் இருந்த மணிப்பூர்ப் பையன் ஒருவன் கிட்டார் வாசிப்பான். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் காது அபாரம். அவனும் நானுமாகச் சின்னச் சின்ன காபிக் கடைகளில் வாசிக்கத் தொடங்கினோம். எனக்கு நாற்காலி ஆகாது, தரையில்தான் உட்கார வேண்டும் என்பதால் நானே ஒரு ஜமக்காளத்தைச் சுருட்டி எடுத்துப் போவேன். முதல் கடையில் என்னைத் துணி விற்க வந்தவள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு இது வேடிக்கை. “வாசிக்கவும் செய்யுதே, பாடவும் செய்யுதே. ரெண்டு வேலைக்கும் சேத்து ஒரு காபிதான் குடுக்கானாட்டி?” என்பாள். அப்பாவுக்கு வேறு கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சிலிண்டர் பாட்டைப் பாடிக் காட்டினேன். முழுசாகக் கேட்டார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. என்ன ராகம்?”

“ராகம்னு ஒண்ணும் இல்லப்பா.”

“ராகம் இல்லாம எப்படிட்டி பாட்டு?” கொஞ்சம் யோசித்தார். “மோகனம் மாதிரி தெரியுது. மோகனம்னே வச்சிக்கிடுவோம்.”

அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் “எம் பொண்ணு மோகனத்துல சிலிண்டர் மேல ஒரு பாட்டு கட்டியிருக்கா” என்று சொல்லி மானத்தை வாங்கினார். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை அரை நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது.

பிறகு பஸ் பாட்டு வந்தது. இவ்வளவு வம்பும் அதனால்தான்.

டில்லியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நிற்காது, கொஞ்சம் தள்ளிப் போய் மெதுவாகும். பின்னாலேயே ஓடி, “பையா, ருக்கோ!”, அண்ணே நிறுத்து, என்று கத்தி, ஒரு காலைப் படியில் வைப்பதற்குள் கிளம்பிவிடும். அதைப் பாட்டாக எழுதினேன்.

ஸ்டாண்டுல நிக்கறேன், பையா ருக்கோ,
சில்லறை தேடறேன், பையா ருக்கோ,
ஒரு கால் படியில, ஒரு கால்...

மூன்றாவது வரி அங்கேயே அறுந்துவிடும். பஸ் போய்விட்டதல்லவா? எட்டு எண்ணிக்கை வரவேண்டிய இடத்தில் ஏழோடு நிறுத்தி, மூச்சு வாங்க விடாமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். கைத்தாளத்தில் சொன்னால், கடைசி வீச்சு கிடையாது. தட்டி வீசு, தட்டி, உடனே அடுத்த தட்டு. கேட்கிறவனுக்குக் காலடியில் படி நழுவின மாதிரி இருக்கும். கிட்டார்க்காரன் இதைக் கேட்டுக் கட்டிலிலிருந்து எழுந்து குதித்தான். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஆனால் நம் சங்கீதத்தில் இது மகா பாவம். ஒரு பாட்டுக்கு ஒரு தாளம் என்று ஆரம்பித்தால் கடைசிவரை அதே கணக்குதான். நடுவில் ஓர் எண்ணிக்கையை விழுங்கினால் தாளம் தப்பிவிட்டது என்று பெயர், வேறு எந்தப் பெயரும் கிடையாது.

இந்தப் பாட்டை முதன்முதலாக ஹவுஸ் காஸ் பக்கம் ஒரு காபிக் கடையில் பாடினேன். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, சபாவுக்கு வருகிற மாதிரியே முன்னால் என் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்தார். மேஜையில் இருந்த காபியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைத் தொடையில் வைத்தார். முதல் இரண்டு வரி நன்றாகப் போயிற்று. மூன்றாவது வரியில் நான் அறுத்துத் தாவினேன். அப்பாவின் உள்ளங்கை அந்தக் கடைசி வீச்சுக்காக மேலே திரும்பி அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். பெண் தப்பிவிட்டாள் என்று அது சொல்லியது.

அவ்வளவுதான். கையைப் பெரிதாக்கினார். தொடையில் அல்ல, இப்போது இரண்டு கையாலும், பளீர் என்று. என்னைக் காப்பாற்றுகிறாராம்! கடை முழுக்கக் கேட்டது. ஏழு வயதிலிருந்து பழகின உடம்பு, நான் நினைப்பதற்குள் அது அந்தக் கைக்கு ஓடிவிட்டது. என் பாட்டை விட்டுவிட்டு நான் அப்பாவின் எட்டில் போய்ச் சேர்ந்தேன். கிட்டார் ஏழில் நின்றது. அவன் என்னைப் பார்க்கிறான், நான் அப்பாவைப் பார்க்கிறேன், அப்பா இன்னும் பெரிதாகத் தட்டுகிறார். பாட்டு நடுத்தெருவில் கவிழ்ந்தது. நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்து நிறுத்தினேன். ஜனங்கள் பாவம் என்று கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

“நல்ல வேளை, நான் இருந்தேம்லா. இல்லன்னா என்ன ஆயிருக்கும்? அந்தக் கிட்டார்ப் பையன்தான் கடைசிவரை தாளத்துல நிக்கவே இல்ல.”

அம்மா வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் ஒரு சின்ன ஹாலில் என் பாட்டுகள் மட்டும் வைத்து ஒரு மாலை முழுக்க நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. டில்லியில் அப்படி எனக்கு அது முதல் தடவை. அதே சமயம் குர்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்திருந்தேன். இந்த மாலையும் கவிழ்ந்தால் பேசாமல் அந்த வேலைக்குப் போய்விடுவது, என் பாட்டு என் ரூமோடு இருக்கட்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். பஸ் பாட்டு இல்லாமல் அந்த நிகழ்ச்சி இல்லை. அப்பாவின் கை இருந்தால் பஸ் பாட்டு இல்லை. அப்பா இல்லாமல் எனக்கு மேடை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

மயூர் விஹாருக்குப் போய் நேராகவே சொன்னேன். அப்பா பால்கனியில் வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அன்னிக்கு நான் தப்பல. பாட்டே அப்படித்தான். வேணும்னுதான் ஒண்ணைக் குறைக்கறேன்.”

“எதுக்குட்டி குறைக்கே?”

“பஸ் போயிடுதுல்ல? அதான்.”

“பஸ் போனா என்ன? அடுத்த பஸ்ஸுக்கு நிக்கணும். அதுக்காக எண்ணிக்கைய முழுங்குவாகளா? எட்டுன்னா எட்டுதான். எத்தன வருசமாப் படிச்செ!”

“அச்சா, எட்டுதான் வேணும்னா நீங்களே ஒரு பாட்டு எழுதுங்க! இது என் பாட்டு. நீங்க கை போட்டா நான் அங்க ஓடி வந்துடறேன். என்னால முடியலப்பா. வாங்க, முன்னால உக்காருங்க, ஆனா தாளம் மட்டும் போடாதீங்க.”

குரல் பெரிதாகிவிட்டது. கீழே பார்க்கில் நடந்துகொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா ஒரு பட்டாணியை உரித்துக் கிண்ணத்தில் போட்டார். தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“சரிட்டி,” என்றார். “ஆனா அது நான் போடுததுல்ல. அதாப் போடுது. நான் வராம இருக்கதுதான் உனக்கு நல்லது.”

சண்டை போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவர் இப்படிச் சாதுவாகச் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீதிப் பட்டாணியை நான் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிகழ்ச்சி நெருங்க நெருங்க நான் போன் செய்து வருவீர்கள்தானே என்று கேட்டால், முட்டி வலி என்பார். அன்றைக்குப் பார்த்து வாட்டர் ஃபில்டர்காரன் வருகிறான் என்பார். வாட்டர் ஃபில்டர்காரன் டில்லியில் எந்தக் காலத்தில் சொன்ன நாளில் வந்திருக்கிறான்? ஒத்திகையில் நான் எரிந்து எரிந்து விழுந்தேன். கிட்டார்க்காரன் பொறுமையாகத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். “அங்கிள் வரலேன்னா நீ சரியாப் பாடுவே, வந்தா சந்தோஷமாப் பாடுவே. ரெண்டுல எது வேணும்?” என்று ஹிந்தியில் கேட்டான். இரண்டும் வேண்டும் என்றேன். அந்தக் கோபத்திலேயே, அவனுக்கு மட்டும் சொல்லி, பஸ் பாட்டுக்குப் புதிதாக ஒரு கடைசிச் சரணம் எழுதினேன்.

நடுவில் அம்மா போன் செய்தாள்.

“ஏட்டி, உங்கப்பாவ என்ன செய்தே? பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயசுல காதுல ஒயர மாட்டிக்கிட்டு பார்க்குல சுத்திச் சுத்தி நடக்காரு. நடக்கும்போது கைய ஆட்டிக்கிட்டே போறாரு. திடீர்னு நின்னு தலையில அடிச்சிக்கிடுதாரு, திரும்ப நடக்காரு. எதிர் பிளாக்கு ஆன்ட்டி எங்கிட்ட வந்து, ‘பாய்சாப் டீக் ஹைன்?’னு, அண்ணாச்சி நல்லாத்தான் இருக்காரான்னு விசாரிக்கா. நான் என்னத்தச் சொல்ல?”

“நியூஸ் கேட்டுட்டு இருப்பாரும்மா,” என்றேன். எனக்கு அப்போது அதற்கு மேல் ஓடவில்லை.

நிகழ்ச்சி அன்று நல்ல குளிர். ஹால் சின்னது, ஆனால் நிறைந்துவிட்டது. ஜே.என்.யூ. பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர், தமிழே தெரியாதவர்கள் அதைவிட நிறையப் பேர். ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் வருவாள் என்று நினைத்தேன். பார்த்தால் அவளுக்குப் பின்னாலேயே அப்பா வருகிறார், குரங்குக் குல்லாவும் பழுப்புச் சால்வையுமாக. கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தவரை அம்மா கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில், பழைய ஓரத்தில் உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் சால்வையை இழுத்துக் கழுத்திலிருந்து முழங்கால் வரை போர்த்திக்கொண்டார். கை இரண்டும் உள்ளே போய்விட்டன. என்னைப் பார்த்து, போடவில்லை, பார்த்தாயா என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

மோட்டார் பாட்டும் ஆன்ட்டி பாட்டும் நன்றாகவே போயின. சிலிண்டர் பாட்டுக்கு ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சரியாக இல்லை. குரலில் ஓர் அவசரம். கண் தானாக அந்த ஓரத்துக்குப் போகும், அங்கே பழுப்பு நிறமாக ஒரு மூட்டை உட்கார்ந்திருக்கும், திரும்பி வரும். இத்தனை வருஷமாக நான் அந்தக் கையைத் தாளத்துக்காக மட்டும் பார்த்திருக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவர் அங்கே இருக்கிறார் என்று பார்த்திருக்கிறேன்.

பஸ் பாட்டு வந்தது. வயலினில் முதல் வரியை எடுத்தேன். ஸ்டாண்டுல நிக்கறேன். சால்வை அசைந்தது. முதலில் என் பிரமை என்று நினைத்தேன். சில்லறை தேடறேன். இல்லை, அசைகிறது. தொடை இருக்கும் இடத்தில் துணி மேலே எழும்பி இறங்குகிறது, பூனைக்குட்டியை மூடி வைத்த மாதிரி. போச்சுடா என்று நினைத்தேன். ஒரு கால் படியில, ஒரு கால்... அறுத்தேன். தாவினேன்.

சால்வைக்குள் தட்டி வீசி, தட்டி, வீச்சு இல்லாமல் அடுத்த தட்டு விழுந்தது. சரியாக, என் ஏழில்.

அப்போதுதான் எனக்குப் பார்க் ஞாபகம் வந்தது. காதில் ஒயர், கை ஆட்டம், தலையில் அடி. கிட்டார்க்காரனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒத்திகைப் பதிவை அப்பா போனுக்கு அனுப்பிய திருடன் அவன்தான். எட்டுன்னா எட்டுதான் என்று சொன்ன மனிதர், குளிரில் பார்க்கைச் சுற்றிச் சுற்றி ஓர் எண்ணிக்கையை விழுங்கப் படித்திருக்கிறார்.

அந்தக் கை இனி எதற்கு ஒளிந்திருக்க வேண்டும்? வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டேன். கிட்டாரும் நின்றது. ஹால் அமைதியாகிவிட்டது. மைக் முன்னால் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

“அப்பா,” என்றேன். “கையை வெளிய எடுங்க.”

பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா திருட்டு முழி முழித்தார். அம்மா அவர் சால்வையை ஒரே இழுப்பாக இழுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள். “எடுங்களேன், அவதான் சொல்லுதாள்லா,” என்றது முன்வரிசை முழுக்கக் கேட்டது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கை வெளியே இருந்தது. ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது வரியில் வீச்சில்லாமல் தாவியது. தாவும்போதெல்லாம் அவர் உதட்டில் ஒரு பெருமை. என் குரலில் இருந்த அவசரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் வீட்டில் பாடுகிற மாதிரி பாடினேன்.

அப்புறம் அந்தக் கடைசிச் சரணம். அது பதிவில் கிடையாது. அதில் பஸ் இன்னும் சீக்கிரம் போய்விடும், இரண்டாவது வரியிலேயே.

அப்பா சட்டையைப் பிடிச்சேன், பையா ருக்கோ,
பிடிச்ச கையை விட்டு...

அறுத்தேன். அப்பாவின் உள்ளங்கை வீச்சுக்காக மேலே திரும்பி அந்தரத்தில் நின்றது. அதே கை, காபிக் கடையில் நின்ற அதே மாதிரி. என் உடம்பு ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் கை பெரிதாகவில்லை. அப்படியே நின்று, காதைத் தீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. நான் போகவில்லை. என் பாட்டில் நான் போய்க்கொண்டே இருந்தேன். அடுத்த வரியின் முதல் தட்டுக்கு அந்தக் கை ஓடி வந்து என்னோடு சேர்ந்துகொண்டது.

அன்றைக்குப் பிறகு நிறைய மேடைகள் வந்தன. குர்காவ் பள்ளிக்கூடத்துக்கு மறுநாளே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று ஹாலை விட்டு வெளியே வந்து மெட்ரோவுக்கு நடந்ததுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அம்மா முன்னால் கிட்டார்க்காரனிடம் ஏதோ ஹிந்தியில் விசாரித்துக்கொண்டு போனாள். அப்பா என் வயலின் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

“ஏட்டி, கடைசிச் சரணத்துல ரெண்டாவது வரியிலயே அத்துட்டியே?”

“பஸ் சீக்கிரம் கிளம்பிடுச்சுப்பா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. நான் தப்பிட்டேன்.”

“டில்லி பஸ் என்னிக்குப்பா சொல்லிட்டுக் கிளம்பிருக்கு?”

சிரித்தார். மெட்ரோ வாசலில் கூட்டம் நெரிந்தது. பழக்கத்தில் வயலின் பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

“அதனாலென்ன,” என்றார், “ஓடி வந்து அடுத்ததுல ஏறிட்டேம்லா.”